பேராயர் சொல்லாமல் விட்ட சீனி

சபை விதி ஒன்று இருக்கிறது. குழந்தைக்கு உயிராபத்து, குருவானவர் வந்து சேர வழியில்லை என்றால், அருகில் இருக்கும் எவரும் தண்ணீர் ஊற்றி, சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொல்லி, ஞானஸ்நானம் கொடுக்கலாம். குருவானவர் பிறகு வந்து விசாரித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவின் கடைசிக் கட்டத்துக்குள் எழுத வேண்டியது ஊற்றியவரின் பெயர், தன்னுடையது அல்ல. காலம் கடந்து சேர்க்கும் பதிவு என்றால் ஓரத்தில் இரண்டு சாட்சிகளின் கையொப்பம் வேண்டும். ஐயம் ஏற்பட்டால் அதன் பலன் குழந்தைக்கே.

இவ்வளவுதான். பணிக்காலம் முழுவதையும் நில அலுவலகக் கோப்புகளோடு கழித்தவள் நான். இதைவிடச் சிக்கலான விதிகளை ஆறாம் வகுப்போடு நின்ற பியூன்கள் பிசகாமல் நிறைவேற்றியதைப் பார்த்திருக்கிறேன். கடல் கடந்து போய் இறையியல் படித்து வந்த ஒருவரால் இதை நிறைவேற்ற முடியவில்லை. அவர்தான் பின்னாளில் பேராயர் ஆனார்.

அவருடைய நினைவு மலர் போன வருடம் வந்ததும், நம் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீடுகளில் என்னோடு வளர்ந்த உங்களில் மூன்று பேர் அதன் பன்னிரண்டாம் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து எனக்கு அனுப்பினீர்கள். கூடவே அழுகிற முகங்கள். "நம்ம எஸ்டேட்டுதான்லா இது, பாத்தியா" என்று ஒருத்தி குரல்பதிவு வேறு அனுப்பியிருந்தாள். பார்த்தேன். நம் எஸ்டேட்தான். நீங்கள் யாருக்காக அழுதீர்களோ அந்தக் குழந்தை என் தம்பி. அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். அதனால் எனக்கு அழுகை வரவில்லை. ஏன் என்பதை ஒரு தடவை முறையாக எழுதி வைத்துவிடுகிறேன்.

எனக்கு ஒன்பது வயது. அந்த வருடக் கடைசி மழையில் கீழே போகும் சாலை இரண்டு இடங்களில் சரிந்து கிடந்தது. பள்ளிக்கூடம் இல்லை. லயத்துச் சுவரெல்லாம் ஈரம் ஏறி, போர்வைகளில் பூஞ்சை வாடை. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வரும் அம்மாவின் கைவிரல் நுனிகள் ஊறி வெளுத்து, வேறு யாருடைய விரல்களோ போல இருக்கும். அந்தக் கையோடுதான் தம்பியைத் தூக்குவாள். அவன் பிறந்து ஐம்பது நாள்கூட ஆகவில்லை. அம்மா கொழுந்து பறிக்க மலைக்குத் திரும்பிவிட்டாள். அவன் ஆயாக் கொட்டகையில் ஒரு தூளியில் கிடந்தான்.

ஆயாக் கொட்டகை உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். தகரக் கூரை, மேலே போகாமல் உள்ளேயே சுற்றும் அடுப்புப் புகை, வரிசையாகப் பன்னிரண்டு தூளிகள். மூத்திரத் துணி, மஞ்சள் சவர்க்காரம், தேத்தண்ணி மூன்றும் கலந்த ஒரு வாடை. எஸ்டேட் கணக்கரான கிராணியின் வீட்டில் கழித்துக் கொடுத்த சிவப்பு பிளாஸ்க் ஒன்று மாடத்தில் நிற்கும். அதன் மூடி தொலைந்துபோய், துணி சுற்றிய மரக்கட்டை ஒன்று அந்த இடத்தில் இருக்கும். பக்கத்தில் விளிம்பு சிதைந்த நீல எனாமல் கோப்பை. பெரிய பிள்ளைகளுக்கு அதில்தான் சீனி போட்ட வெளிர் தேத்தண்ணி கிடைக்கும். ஆளுக்கு அரைக் கோப்பை. இன்னும் கேட்டால், "உங்கப்பன் துரையா?" என்பார் ஆயா. கேட்காமல் நின்றால் இன்னொரு வாய் ஊற்றுவார்.

ஆயா நம் கோயிலைச் சேர்ந்தவர்தான். ஆனால் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் சடங்கைப் பெறாதவர். எழுத்து தெரியாது, வேதபாடக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரியாது என்று அவரை இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆராதனை வார்த்தைகள் முழுவதும் காதால் கேட்டே அவருக்குப் பாடம்.

பேராயர் அப்போது பேராயர் இல்லை. எங்களுக்கு அவர் ஐயர். நம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் குருவானவரை அப்படித்தான் அழைப்போம். முப்பது வயது, பாலாடை நிறத்தில் ஒரு கார், வாசனைத் தண்ணீர் தெளித்த வெள்ளைக் கைக்குட்டை. மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கானது. தம்பிக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டிய ஞாயிறு வந்தது, ஐயர் வரவில்லை. சாலை மோசம் என்று கிராணியிடம் தகவல் வந்தது. அந்த ஞாயிறு சாலையில் ஒரு கல்கூட உருளவில்லை. மேலே காய்கறித் தோட்டங்கள் இருக்கும் கம்போங் ராஜாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிய லோரிகள் காலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. சரிவு நடந்தது அதற்குப் பிறகு. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பில் தேதிகளின் வரிசைதான் முக்கியம்.

சாலை சரிந்து கிடந்த ஒரு நாள், காலையிலிருந்தே தம்பிக்கு மூச்சு இழுத்தது. மருந்து கொடுக்கும் டிரசர் சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். மதியத்துக்கு முன் தம்பியின் உதடு நீலமானது. ஆயா ஒரு பெரிய பெண்ணை மலைக்கு அனுப்பி அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார். ஏறி இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். பிறகு தூளியிலிருந்து அவனை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். ஒரு நிமிடம் அவன் முகத்தையே பார்த்தார்.

"ஏய் புள்ள, இங்க வா. தலையப் புடி. ஆட்டாத."

பிடித்தேன். உள்ளங்கைக்குள் அடங்கிய தலை. முடி வியர்வையில் நனைந்திருந்தது.

கொட்டகை வாசலில் மழைத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. சுத்தமான தண்ணீர். ஆயா தம்பியை என் மடிக்கு மாற்றிவிட்டுக் கோப்பையோடு போய் அதில் கையை விட்டார், உடனே எடுத்துவிட்டார். நம் மலைத் தண்ணீர் அந்த மாதங்களில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணியைக் கோப்பையில் ஊற்றினார். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தார். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் எப்போதும் அப்படித்தான் பார்ப்பார்.

"தம்பிக்கு என்ன பேரு வெக்கப் போறதா உங்கம்மா சொன்னா?"

சொன்னேன். ஆயா அந்தப் பெயரைச் சொல்லி, பிதாவை, குமாரனை, ஆவியானவரைச் சொல்லி, மூன்று தடவை ஊற்றினார். அவன் நெற்றியிலிருந்து வழிந்தது என் சட்டைக் கைக்குள் ஓடியது. வெதுவெதுப்பாக இருந்தது. அவன் கண்ணைத் திறந்து உதட்டை ஒரு தரம் சப்பினான். அதை என் கண்ணால் பார்த்தேன். அம்மா வந்து சேர்ந்தபோது இன்னும் உயிர் இருந்தது. அவள் மடியில்தான் போனது.

மறுநாள் காலை மண்ணை ஒதுக்கிச் சாலையைத் திறந்தார்கள். முற்பகலில் பாலாடை நிறக் கார் வந்தது. தம்பியைத் தேயிலைப் பலகைப் பெட்டி ஒன்றில் கிடத்தி மேசைமேல் வைத்திருந்தோம். அம்மா ஒரு வெள்ளைத் துணியால் அவன் நெற்றியைத் துடைத்தபடியே இருந்தாள். எறும்பு. மேசையின் கால் வழியாக ஒரு மெல்லிய வரிசை ஏறி அவன் முடிக்குள் போய்க்கொண்டிருந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. ஊற்றியதைக் கழுவ அம்மாவுக்கு மனம் வரவில்லை. அது ஞானஸ்நானம் அல்லவா.

ஐயர் குனிந்து சிலுவை போட விரலைக் கொண்டுபோனவர் நெற்றிக்கு அரை அடி மேலேயே நிறுத்திக்கொண்டார். எறும்பு எப்படி வந்தது என்று கேட்டார். அம்மா, ஆயா ஞானஸ்நானம் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். ஆயா முன்னால் வந்து நின்றார். எதை ஊற்றினாய் என்று ஐயர் கேட்டார்.

இன்று எத்தனையோ விசாரணைகளைப் பார்த்து முடித்தவளாகச் சொல்கிறேன். அந்தக் கேள்விக்குத் தண்ணீர் என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் கோப்பு அங்கேயே முடிந்திருக்கும். ஆயாவுக்கு அது தெரியாமல் இல்லை.

"பிள்ளைங்க குடிக்கிற தேத்தண்ணிங்கய்யா."

"சீனி போட்டதா?"

"போட்டதுங்கய்யா."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்ததே, அதைப் பிடித்து ஊற்ற என்ன கேடு என்று ஐயர் கேட்டார்.

"குளுருமேன்னுதாங்கய்யா," என்றார் ஆயா.

கிராணி சிரித்துவிட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஐயர் சிரிக்கவில்லை. தேநீர் தண்ணீர் ஆகாது, இந்தப் பெண் திடப்படுத்தல் பெற்றவளும் அல்ல, பக்கத்திலேயே நல்ல தண்ணீர் இருந்தும் ஊற்றவில்லை, எனவே இது ஞானஸ்நானம் அல்ல என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். மூன்று காரணம். தீர்ப்பு எழுதுகிற தொனி. அம்மா ஒரே ஒரு தடவை பேசினாள்.

"அய்யா, அவங்க ஊத்தும்போது புள்ளைக்கு உசுரு இருந்துச்சுங்க."

ஐயர் கைக்குட்டையை எடுத்து, எதையும் தொடாத விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார்.

ஞானஸ்நானம் இல்லாதவனுக்குக் கோயில் வேலிக்குள் இடமில்லை என்றார். கம்பி வேலிக்கு வெளியே, தேயிலைச் செடிகள் தொடங்கும் இடத்தில் அப்பா குழி வெட்டினார். ஆயா அந்த நீலக் கோப்பையை மண்ணின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அப்பா அன்று மாலை ஒரு பொட்டலம் நல்ல தேயிலையைக் கொண்டுபோய் ஐயரின் காரில் வைத்தார். நன்றிக்காக. படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அப்பாவின் வாழ்நாள் கொள்கை. நானும் பல வருடம் ஆயாவிடம்தான் கோபமாக இருந்தேன். ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று. அந்தக் கோபத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஐயர் திரும்பிப் போகும் வழியில் துரை பங்களாவில் தேநீர் அருந்தினார். சீனி போட்டா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் கொட்டகைக்கு வேறு ஆயா வந்தார். பழைய ஆயாவைப் புல்வெட்டும் வேலையில் போட்டார்கள். இரண்டு மாதத்தில் அவர் பிள்ளைகளோடு கம்போங் ராஜாவுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் நம் லயத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அந்த வழக்கம் வந்தது. மழைக்காலத்தில் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அடுப்பு மேட்டின் ஓரம் ஒரு போத்தல் தண்ணீர். தொட்டால் அடி விழும். வெறும் தண்ணீர்தான், ஆனால் அடுப்பை ஒட்டி வைத்தால் வெதுவெதுப்பாகவே இருக்கும். விதியும் மீறப்படாது, பிள்ளைக்கும் குளிராது. அதை ஏன் வைத்தார்கள் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

அம்மா கோயிலை விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஜன்னல் பக்கத்து வாங்கில், வேலி தெரிகிற இடத்தில் உட்காருவாள். பிரசங்கத்தின்போது பீடத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

ஐயரின் வாழ்க்கை மேலே போனது. இரண்டு வருடத்தில் டவுனில் பெரிய கோயில் கிடைத்தது. எனக்குப் பதினைந்து வயதில், நான் தங்கிப் படித்த விடுதியின் கோயிலுக்குப் பிரசங்கிக்க வந்தார். ஆங்கிலப் பிரசங்கம். நல்ல குரல் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மலை எஸ்டேட் ஒன்று, விடாத மழை, சரிந்த சாலை, சேற்றில் நடந்தே ஏறும் ஓர் இளங்குரு, தகரக் கொட்டகையில் சாகக் கிடக்கும் சிசு. சுற்றிலும் சுத்தமான தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. ஒரு பிளாஸ்க்கில் தேநீர் மட்டும் இருக்கிறது. அந்த இளங்குரு என்ன செய்தார்? இந்த இடத்தில் நிறுத்தி, தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். "இந்தக் கை," என்றார். முன்வரிசையில் ஆசிரியை ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

நான் எழுந்து வெளியே போய்ச் சாக்கடையோரம் வாந்தி எடுத்தேன். காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று விடுதித் தலைவி எழுதி வைத்தார்.

அந்த விடுமுறையில் கம்போங் ராஜாவுக்குப் பஸ் ஏறினேன். ஆயா ஒரு காய்கறித் தோட்டத்துக் கொட்டகையில் முட்டைக்கோஸின் வெளி இலைகளை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். மருந்து அடித்து அடித்துக் கைத்தோல் செதில் செதிலாக இருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததும் முதலில் கேட்டது அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி. பிரசங்கத்தைச் சொன்னேன். கத்தியை நிறுத்தாமல் கேட்டார்.

"எறும்பப் பத்திச் சொன்னாரா?"

"இல்ல ஆயா."

"சீனிய?"

"அதுவும் இல்ல."

"அப்ப அது வேற புள்ளையா இருக்கும்," என்று சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்து, "உங்கம்மாகிட்ட சொல்லாத. தாங்க மாட்டா," என்றார். ஒரு முட்டைக்கோஸைப் பையில் போட்டுக் கொடுத்தார். அடுத்த தடவை நான் போனபோது அவர் இல்லை. பிள்ளைகள் எரித்துவிட்டிருந்தார்கள். கோயிலுக்குப் போவதைத்தான் அவர் எப்போதோ நிறுத்திவிட்டாரே.

நான் சொல்லாவிட்டாலும் அம்மாவுக்குத் தெரிந்தது. பேராயர் பதவிக்கு ஒரு படி கீழான ஆர்ச்டீக்கனாக அவர் இருந்தபோது, நம் கோயிலின் பொன்விழாவுக்கு வந்தார். அவருக்கு ஐம்பது கடந்திருந்தது. தலைமைப் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். அந்தக் கதையை நம் கோயிலிலேயே சொல்லத் துணிவாரா என்று நான் நினைத்தேன். துணிந்தார். தமிழில் சொன்னார். வேலியிலிருந்து முப்பது அடி தூரத்தில் நின்று, இந்தக் கை என்று தூக்கிக் காட்டினார். அப்போது இருந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் வெளியேறிவிட்டிருந்தன. கேட்டவர்கள் புதியவர்கள். அவர்கள் உருகினார்கள்.

அம்மா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். ஆராதனை முடிந்து பந்தலில் எல்லோரும் தேநீர்க் கோப்பையோடு நின்றபோது நேராக அவரிடம் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவர் அவளைப் பார்த்துச் சிரித்து, நலமா என்று கேட்டார். அடையாளம் தெரிந்ததா என்று அந்தச் சிரிப்பில் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சீனிய விட்டுட்டீங்கய்யா," என்றாள் அம்மா.

அவர் தன் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். "எனக்குச் சீனி ஆகாதும்மா. டாக்டர் வேணாம்னுட்டார்," என்றார். பக்கத்தில் நின்றவர்கள் பணிவாகச் சிரித்தார்கள். கோப்பை தட்டில் லேசாக ஆடிச் சத்தம் போட்டது. வயதானவர்களுக்குக் கை ஆடும்தானே என்று நான் அன்று எண்ணிக்கொண்டேன்.

நான்கு மாதத்தில் அவர் பேராயராக அபிஷேகம் பண்ணப்பட்டார். விழா மலரில் கதை முதல் தடவையாக அச்சேறியது. இப்போது சேற்றில் நடந்த தூரம் எட்டு மைல். ஓய்வு பெற்றபோது வந்த மலரில் பத்து. இறந்தபின் வந்த நினைவு மலரில், நீங்கள் எனக்கு அனுப்பிய அந்தப் பன்னிரண்டாம் பக்கத்தில், இரவு முழுவதும் நடந்தார். ஒரு மனிதருக்குப் பதவி உயர உயரத் தூரமும் கூடுவதை நான் இங்குதான் பார்த்தேன். அஞ்சலி ஆராதனையில் வந்தவர்களுக்கு ஆளுக்கொரு சிறு தேயிலைப் பொட்டலம் கொடுத்தார்கள், மேலே அவருடைய படம். என்னுடையது இன்னும் அலமாரியில் இருக்கிறது. வெறும் தேயிலை. எறும்பு அண்டாது.

அம்மாவுக்குத் தொண்ணூறு நெருங்கியது. தானா ராத்தா டவுனில் என் வீட்டில் இருந்தாள். அந்த மலரை நான் மறைத்து வைத்தேன். வேறு யாரோ படித்துக் காட்டிவிட்டார்கள். அன்று சாப்பிட மறுத்துவிட்டு ஒன்று கேட்டாள்.

"உனக்குத்தான் மனு எழுதத் தெரியுமே. எனக்கு ஒன்னு எழுது. நான் போனா அவன் பக்கத்துல படுக்கணும். அவனும் வேலிக்கு உள்ள இருக்கணும். அதுக்கு எழுது."

எழுதினேன். சபையின் தலைமை அலுவலகத்துக்கு, மூன்று பிரதிகள், பதிவுத் தபால். கேட்டவை மூன்று. ஒன்று, அந்த வருடத்துப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல். இரண்டு, ஆயா கொடுத்த ஞானஸ்நானத்தை ஏற்று, அவர் பெயரோடு பதிவு. மூன்று, வேலியை ஏழு அடி நகர்த்தி அந்தக் குழியை உள்ளே எடுத்துக்கொள்ள அனுமதி. நேரில் பார்த்த சாட்சி என்ற முறையில் என் வாக்குமூலமும் இணைத்தேன். முதலாவதைத்தான் அவர்கள் முதலில் செய்ய வேண்டும். பதிவேட்டைத் திறந்து பார்க்காமல் பதிவேட்டைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. எந்த அலுவலகத்திலும் புதிதாகச் சேரும் பையனுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பது அது.

ஏழு மாதம் கழித்துச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். இளைஞர், மரியாதையானவர். நல்ல செய்தி என்றார். பேராயரே அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக மூன்று மலர்களில் அச்சாகியிருப்பதால் அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லையாம். பேராயர் பெயரிலேயே பதிவு செய்துவிடலாம், வேலியையும் நகர்த்திக்கொள்ளலாம். படிவம் தபாலில் வருகிறது, அம்மா கையெழுத்திட்டால் போதும்.

பேராயர் பெயரில் எப்படி என்று கேட்டேன்.

"ஆன்ட்டி, ஏன் இவ்ளோ பெருசு பண்றீங்க? தம்பி உள்ள வந்துட்டா போதும்தானலா."

படிவம் வந்தது. கடைசிக் கட்டத்தில் அவர் பெயரைத் தட்டச்சே செய்திருந்தார்கள். நகல் இல்லை. அம்மாவிடம் கொண்டுபோனேன். கையெழுத்துப் போட்டுவிடு என்று சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவள் அறுபது வருடம் கேட்ட ஒரே காரியம் அந்தத் தாளில் இருந்தது. படித்துக் காட்டினேன். அம்மா போர்வை நுனியை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"அந்தக் கை என் புள்ள மேல படவே இல்லயே," என்றாள். "படாத கைய எப்படிம்மா எழுதுறது?"

"அப்ப தம்பி வெளியதாம்மா இருப்பான்."

"இருக்கட்டும். என்னையும் வெளிய போடு."

படிவத்தை மறுப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்பினேன். முதல் கோரிக்கையை மீண்டும் எழுதி அடிக்கோடிட்டேன். பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். பதில் வரவில்லை. அந்த இடைவெளியில் அம்மா ஒரு காலையில், கஞ்சிக்குக் காத்திருந்தபடியே போய்விட்டாள்.

கோயிலின் இப்போதைய ஐயர் சின்ன வயதுக்காரர், சப்பாத்தில் சேறோடு திரிபவர். அம்மாவுக்கு உள்ளே இடம் தயார் என்றார். அவள் சொன்னதைச் சொன்னேன். வாதம் செய்யவில்லை. வெளியே, தேயிலை ஓரத்தில் வெட்டினார்கள். தோண்டும்போது துருப்பிடித்த ஒரு தகட்டு வளையம் வந்தது, விளிம்பில் ஒரு விரல்நகம் அளவுக்கு நீலம் மிச்சம். அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை, அம்மாவோடு வைத்துவிட்டேன். ஐயர் வேலியைத் தாண்டி வந்தார். அங்கி கம்பியில் மாட்டி ஒரு சாண் கிழிந்தது. நான் பதறினேன். "பரவால்ல ஆன்ட்டி, தச்சுக்கலாம்," என்று சொல்லிவிட்டு, வெளியே நின்றபடி முழு ஆராதனையையும் படித்தார்.

பதில் அதற்குப் பிறகு வந்தது. மூன்று வரி. நான் கேட்ட பதிவேட்டைக் களஞ்சியத்தில் தேடி எடுத்ததாகவும், பதிவு ஏற்கெனவே அதில் இருப்பதால் புதிய பதிவோ பேராயர் பெயரோ தேவைப்படாது என்றும், நகல் இணைக்கப்பட்டிருப்பதாகவும் இருந்தது. இவ்விவகாரம் முடிந்ததாகக் கருதப்படுமாம்.

நகலை விரித்தேன். இரண்டு பதிவுகளுக்கு இடையில் இடுக்கி எழுதியிருந்தது. சாய்ந்த, அழகான, மலர்களில் அச்சாகி எனக்குத் தெரிந்த பேராயரின் கையெழுத்து. தம்பியின் பெயர். அப்பா பெயர், அம்மா பெயர், எஸ்டேட். கடைசிக் கட்டத்தில் ஆயாவின் பெயர். அவருடைய தகப்பன் பெயரோடு. ஆயாவின் தகப்பன் பெயர் எனக்கே தெரியாது. பழைய பெயர்ப்பட்டியலைத் தேடிப் பார்த்துத்தான் அவர் எழுதியிருக்க வேண்டும். கீழே கையொப்பம், தேதி. பொன்விழா ஞாயிற்றுக்கு அடுத்த புதன்கிழமை.

ஆக, கோப்பை ஆடியது வயதால் அல்ல. அவருக்குப் புரிந்திருக்கிறது. மனசாட்சி என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள். தலைமைப் பதவிக்கு ஆளைப் பரிசீலிக்கும் மாதத்தில் பழைய கோப்பு ஒன்று ஓசையில்லாமல் சரிசெய்யப்பட்டால் அதற்கு எங்கள் அலுவலகத்தில் வேறு பெயர். எதுவாக இருந்தாலும், உண்மையைத் தன் கையால் எழுதிப் பூட்டி வைத்துவிட்டு, அதே கையைத் தூக்கிக் காட்டி இன்னும் பல வருடம் பிரசங்கம் செய்தார். அம்மாவிடம் ஒரு வரி சொல்லவில்லை. அவள் மகன் அத்தனை வருடமும் பதிவேட்டின்படி உள்ளேதான் இருந்தான். அவளை நான் வெளியே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

காலம் கடந்து சேர்த்த பதிவு. ஓரத்தில் சாட்சிகள் இருவரின் கையொப்பம் இல்லை. விதிப்படி அது செல்லாது, தேத்தண்ணியைப் போலவே. அதைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் எழுத எனக்குத் தெரியும். எழுதவில்லை. நகலின் ஓரத்தில் முதல் சாட்சியின் இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். இரண்டாவது இடம் அம்மாவுடையது, காலியாகவே விட்டேன். பிறகு, பழக்க தோஷத்தில், ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தார் பரிசாகக் கொடுத்த தேதி முத்திரையை எடுத்து மேல் மூலையில் குத்தினேன். பெறப்பட்டது: அம்மாவின் நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை.